ஒரே ஒரு பெயர்

"லேப்டாப் இல்லாதவங்க மட்டும் கையைத் தூக்குங்கடி," என்றாள் மாணவர் பிரதிநிதி, விடுதி மெஸ்ஸின் நடுவில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று.

ஒரு கையும் எழவில்லை. கடைசி மேசையில் எவளோ கரண்டியைத் தூக்கிக் காட்ட, மெஸ்ஸே சிரித்தது.

"பொதுநலம், இறங்கு. விழுந்து காலை ஒடிச்சுக்கப் போறே," என்றாள் அவளுடைய அறைத்தோழி. மூன்று வருடமாக அதுதான் அவள் பட்டப்பெயர். குழாயில் தண்ணீர் வராததிலிருந்து தேர்வு அட்டவணை வரை, யாருக்கு எது குறை என்றாலும் அவள்தான் போய் நிற்பாள். தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தை மாணவர்களின் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கப் போகிறார்கள். அதற்காகக் கொடுத்த படிவத்தில், சொந்த லேப்டாப் உண்டா என்ற கேள்விக்குத் துறையின் நூற்று எண்பது பேரும் 'உண்டு' என்று எழுதியிருந்தார்கள். எனவே பழைய கணினிகள் எல்லாம் வெளியே. வட்ட மேசைகளும், மெத்தை வைத்த நாற்காலிகளும், ஆளுக்கொரு பிளக் பாயிண்டும் உள்ளே.

கேள்விப்பட்ட அன்றே அவள் துறைத்தலைவரின் அறைக்கு ஓடியிருந்தாள். கடைசி வரிசையில் இருக்கும் எட்டுக் கணினிகளை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"யாருக்காகம்மா?" அவர் படிவக் கட்டைத் தட்டிக் காட்டினார். "எல்லார்கிட்டயும் இருக்குன்னு அவங்கவங்க கையாலயே எழுதிக் குடுத்திருக்காங்க."

"இல்லாதவங்க இல்லைன்னு எழுத மாட்டாங்க சார். பக்கத்துல ஒருத்தி எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பா."

அவர் ஈரமில்லாத மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, ஒரே ஒரு பேர் கொண்டு வா. பேரும் ரோல் நம்பரும். எட்டு மெஷினையும் விட்டுடறேன். வெள்ளிக்கிழமை கமிட்டில வாசிக்கணும்."

"பேர் போடாம எழுதிக் குடுத்தா ஆகாதா சார்?"

"பேரே இல்லாத தேவையை நான் எப்படிம்மா ஃபைல்ல வைக்கிறது?"

மெஸ்ஸில் ஒரு கையும் எழாததால், அன்றிலிருந்து அறை அறையாக ஏறி இறங்கினாள். கதவைத் தட்டுவாள், விஷயத்தைச் சொல்வாள். உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள்.

"அப்படி ஒருத்தி இருந்தா அவளே வந்து சொல்லட்டுமே. வாய் இல்லையா அவளுக்கு?" என்றாள் மூன்றாம் மாடிக்காரி.

"சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு பயமா இருக்கும்."

"இப்ப மட்டும் சிரிக்கலையாக்கும்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். இன்னொருத்தி அவளைக் கிள்ளி அடக்குவது கேட்டது.

வியாழக்கிழமை வரை ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அறைத்தோழி தன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். "உனக்கு எதுக்குடி இந்தத் தலைவலி? எவளோ ஒருத்திக்காக."

"கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். மெஷின் இல்லாதவ எங்க போய் முடிப்பா? படிப்பே நின்னுடும்."

"முதல்ல உன் ப்ராஜெக்டைப் பாரு."

"அதையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்." அவள் பையை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குக் கிளம்பினாள். அறையில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று சொல்லி, மூடும்வரை அங்கேதான் வேலை செய்வாள்.

வெள்ளிக்கிழமை கமிட்டியில் நான்கு பேராசிரியர்கள், வகுப்புக்கு இரண்டு மாணவிகள். அவள் வகுப்பின் இன்னொரு மாணவியாக அறைத்தோழியும் வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். துறைத்தலைவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"சொல்லும்மா, பேர்?"

ஒரு பெயரைச் சொல்ல ஒரு மூச்சுக்கூட வேண்டாம். அவள் வாயைத் திறந்தாள். மேசையைச் சுற்றி எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அறைத்தோழி முன்னால் குனிந்து, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பார்த்தாள்.

"யாரும் இல்ல சார்."

பேனா மூடிக்கொண்டது. "உன்னால ஆனதைப் பண்ணினே. அது போதும்," என்றார் அவர். உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்துவிட்டார்கள். கடைசி வரிசையிலும் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். அவள் வாசலில் நின்று எட்டையும் எண்ணினாள். எட்டாவது கணினி வண்டியில் ஏறும்போது தோள்மேல் ஒரு கை விழுந்தது. அறைத்தோழிதான்.

"ரொம்ப வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்? அந்தப் பொண்ணு யாரோ, அவதான் பாவம்."

அறைத்தோழி அவள் கலைந்த முடியை ஆசையாகக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"உன்கிட்ட லேப்டாப் இல்லைன்னு ஹாஸ்டலுக்கே தெரியும்டி, நீ வாயைத் திறந்து சொல்லுவியான்னுதான் எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தோம்."