கமிட்டி கற்ற பாடம்

போன போரில் வலது காலைக் கொடுத்துவிட்டு வந்த தையல்காரருக்கு அன்று தலைகால் புரியவில்லை. 'போரின் பாடங்கள்' கமிட்டி அதிகாரியே கோப்போடு வீடு தேடி வந்து, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கமிட்டியில பேசினதை அரசாங்கம் ஏத்துக்கிச்சு, ஐயா."

"கேட்டியா? 'உங்க பேச்சை எவன் மதிப்பான்'னு நீதானே இடிச்சே!" என்று தையல்காரர் மனைவியிடம் பீற்றிக்கொண்டார்.

அவளுக்கு, பாவம், அதெல்லாம் காதில் ஏறவில்லை. ஒரே மகனைப் பட்டாளத்துக்கு அழைத்துப் போய் இருபது நாள்தான் ஆகியிருந்தது. எல்லையில் மறுபடியும் புகைச்சல் என்று ரேடியோ வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்போ இனிமே சண்டை வராதுங்களா, சார்?"

"அது நம்ம கையில இல்லம்மா. ஆனா போன தடவை நடந்த தப்பு இந்தத் தடவை நடக்காது."

"எந்தத் தப்பைச் சொல்றீங்க?" என்றார் தையல்காரர்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "செயற்கைக் கால் வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்களே, அதுதான்."

"ஐயோ, அது எழுந்திரிக்கும்போது வாய் தவறிச் சொன்னது சார்! சண்டையே வேண்டாம்னுதானே ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினேன்?"

"அதையும் குறிச்சு வச்சிருக்கோம்" என்ற அதிகாரி, கண்கலங்கி நின்ற மனைவியைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்:

"கவலையே படாதீங்கம்மா. உங்க பையன் அவங்க அப்பா மாதிரி காத்துக் கிடக்க வேண்டாம். முகாம்ல சேர்ந்த அன்னிக்கே அளவு எடுத்தாச்சு. அவனுக்கு ரெண்டு காலும் தயாரா இருக்கு."