பார்க்கும்வரை இலவசம்

“இப்பதான் சார், ரெண்டு திமிங்கிலம் வாசல் வரைக்கும் வந்து பெருமூச்சு விட்டுட்டுப் போச்சு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஈரம். துடைச்சுக்கிட்டு இருக்கேன்,” என்றார் லாட்ஜ்காரர் போனில்.

ஜன்னல் காய்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் கடல், சாப்பிட்டு முடித்துத் துடைத்த மேசை மாதிரி வெறுமையாக இருந்தது. சீசன் தொடங்கி ஒரு மாதமாகியும் ஒரு வால்கூட மேலே வரவில்லை. அறைச் சாவிகள் எல்லாம் ஆணியைவிட்டு அசையவில்லை.

“பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?” என்று அவர் மனைவி பல்லைக் கடித்தாள். “ஒரு பஸ் ஆளுங்க வந்து இறங்கினா திமிங்கிலத்துக்கு எங்க போவீங்க? மொட்டை மாடித் தண்ணித் தொட்டிக்கா?”

அவள் பயத்துக்குக் காரணம் வாசலில் மாட்டியிருந்த போர்டு. வாடகை முதல் நாளைக்கு மட்டும்தான். அன்றைக்குத் திமிங்கிலம் தென்படவில்லை என்றால், தென்படும்வரை அறை, சாப்பாடு, படகு எல்லாமே இலவசம். அந்தக் கடலோரத்தில் எந்த ஊர் லாட்ஜானாலும் இந்த உத்தரவாதம் கொடுக்காவிட்டால் ஒருத்தரும் படியேற மாட்டார்கள்.

போன தடவை தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, ஊர் திரும்பும்போது மூன்று பேராகத்தான் போனது. தொட்டில் செலவும் லாட்ஜ் தலையில்தான் விடிந்தது.

லாட்ஜ்காரர் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். “வேணாம்னு சொல்லிட்டா இந்த மாசத்தோட லாட்ஜைப் பூட்டிட்டு, நீ உங்க அண்ணன் வீட்லயும் நான் எங்க அக்கா வீட்லயும் போய் உட்கார வேண்டியதுதான். ஆளுங்க வந்தாலும் செத்தோம், வரலைன்னாலும் செத்தோம். வந்தப்புறமாவது அந்தப் பாழாப்போன மீனுக்கு மனசு இறங்குதா பாப்போம்.”

“அது மீன் இல்ல மாமா, பாலூட்டி,” என்றான் அவள் தம்பி. அந்த லாட்ஜின் ஒரே படகோட்டி. வேலை இல்லாததால் காலையிலிருந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“பால் குடுத்து வளர்க்கற ஜாதின்னா கொஞ்சமாவது பாசம் இருக்கணுமே. எங்கடா?”

போனில் பேசிய ஆள் லேசில் விடுகிறவராக இல்லை. கரையிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் கலங்கலா தெளிவா என்று துருவித் துருவிக் கேட்டார்.

“லைஃப் ஜாக்கெட்டுக்கு நீங்க அலைய வேணாம் சார். ஆளுக்கு ஒண்ணு இங்கேயே மாட்டி அனுப்பிடறேன்.”

“எவ்வளவு முன்ஜாக்கிரதை பாரு!” என்று லாட்ஜ்காரர் மனைவியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

“அவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு கண்ல பட்டாப் போதும்,” என்றது போன் குரல். “ பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. கண்டிப்பாத் தெரியும்ல?”

“தெரியுமாவா? நேத்து என் மச்சான் படகுல டீசல் தீர்ந்துபோச்சு. ஒரு பெரிய திமிங்கிலம் முதுகுல ஏத்திட்டு வந்து கரையில இறக்கி விட்டுட்டுப் போச்சு. காலையில வந்து, ‘படகு ஓடுதா’ன்னு எட்டிப் பார்த்துட்டு வேற போச்சு.”

‘போதும் மாமா’ என்று மச்சான் நகவெட்டியோடு கும்பிட்டான்.

மறுமுனையில் விசும்பல் கேட்டது. “நீங்க நல்லா இருக்கணும் சார். நான் கண்ணை மூடி எத்தனை நாளாச்சு தெரியுமா? விடிஞ்சா போதும், சின்னப் பசங்க வந்து ‘எப்பத் திமிங்கிலம் பாப்போம்’னு நிக்குது. முகம் குடுத்துப் பேச முடியலை. எந்த வாசல்ல வர்றதுன்னு தெரியாம ஒளிஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

அந்த அழுகையில்தான் லாட்ஜ்காரர் கவிழ்ந்தார். இத்தனை நேரமும் அலை மாதிரி வந்துகொண்டிருந்த பொய் திடீரென்று நின்றுபோனது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். ‘சொல்லிடுங்க’ என்பது போல அவள் தலையை அசைத்தாள்.

“சார்… வராதீங்க,” என்றார் லாட்ஜ்காரர். “வாசலுக்கும் வரலை, முதுகுலயும் ஏத்தலை. இந்த சீசன்ல இங்க திமிங்கிலமே கிடையாது. என் பொழப்பு போகுதேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அந்தப் பசங்களை ஏமாத்த மனசு வரலை.”

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

“சார்? இருக்கீங்களா?”

“பஸ் கிளம்பிடுச்சே,” என்றது குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. “முதுகுல ஏத்தின திமிங்கிலத்தைக் கேட்டதுமே டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லிட்டேனே.”

மச்சான் நகவெட்டியைப் போட்டுவிட்டு போர்டைக் கழற்ற ஓடினான். உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆணி, அவனைத்தான் ஆட்டியதே தவிரத் தான் ஆடவில்லை.

“டிரைவருக்குப் போன் போடுங்க சார்! திரும்பி வரச் சொல்லுங்க!” என்று கத்தினார் லாட்ஜ்காரர்.

“ஐயையோ, அது மட்டும் முடியாது!”

“ஏன் சார் முடியாது? உங்க ஆளுங்கதானே? உங்ககிட்டயே வரட்டுமே!”

“என் ஆளுங்களா? திமிங்கிலம் வரலைன்னு ஒரு மாசமா என் லாட்ஜ்ல உட்கார்ந்திருந்தவங்கய்யா அவங்க!”