கவிக்காரனுக்கு ஒரு விதி

பர்ஹானும் கவிக்காரனைத்தான் எடுத்தான்.

றம்லாவின் கூடப்பிறந்த தம்பி. வாள்வீரனின் தாள் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதைத் தாண்டிக் கையை நீட்டி மற்றதை எடுத்தான்.

றம்லா வாள்வீரனின் தாளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அவளும் மேர்சியாவும் சேர்ந்து இந்த விளையாட்டை உருவாக்கத் தொடங்கி இரண்டு வருடம். பேய்கள் பிடித்த ஒரு நாடு. அதை மீட்கப் போகும் நாலைந்து பேர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். வாள்வீரன், வில்லாளி, மந்திரக்காரி எல்லோரையும் றம்லாதான் எழுதினாள். வாள்வீரனுக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம்.

கவிக்காரனை மேர்சியா ஒரே பின்னேரத்தில் எழுதி முடித்தாள். ஒன்றரைப் பக்கம். வாள் கிடையாது, கேடயம் கிடையாது. அவன் கவி பாடிக்கொண்டிருக்கும்வரை பேய்களால் அவனுடைய தோழர்களைத் தொட முடியாது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் விளையாட வந்தாலும் கவிக்காரன்தான் வேண்டும். மருதமுனையில் விளையாடியபோது அவன் கிடைக்காத இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ‘மேர்சியாட கவிக்காரன்’ என்றே பெயராகிவிட்டது. றம்லாட வாள்வீரன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

இன்று றம்லாவின் வீட்டு முன்னறையில் விளையாட்டு. கதையை நடத்துகிறவள் அவள். பேய்களின் இருபது முகப் பகடை அவள் கையில்.

ஆற்றுப் பாலத்தில் வைத்துப் பேய்கள் பிடித்துக்கொண்டன. விளையாட வந்திருந்த சுஜிந்தனின் வில்லாளிக்குக் காலில் காயம். மேர்சியாவின் மந்திரக்காரி அவனைத் தாங்கிக்கொண்டு மெல்லத்தான் நகர முடியும்.

பாலத்தின் நடுவில் நின்று பாடப்போவதாகப் பர்ஹான் சொன்னான்.

கவிக்காரனின் தாளில் கடைசியாக இருந்த விதியை றம்லா உரக்க வாசித்தாள். பாடும்போது கவிக்காரன் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தோழர்கள்மேல் விழ வேண்டிய அடியெல்லாம் அவன்மேல் விழும்.

மேர்சியா தலையை உயர்த்திப் பார்த்தாள்.

“வாசிச்சன் ராத்தா. பாடுறன்,” என்றான் தம்பி.

றம்லா உருட்டினாள். கவிக்காரனின் இருபது உயிர் பதினான்கு ஆயிற்று.

“பாடுறன்.”

ஒன்பது.

பாட்டை நிறுத்திவிட்டு ஓடி வரச் சொல்லிச் சுஜிந்தன் கெஞ்சினான். அவன் கரை சேர இன்னும் இரண்டு சுற்று இருந்தது. பர்ஹான் அவன் பக்கம் திரும்பவேயில்லை.

“பாடுறன்.”

மூன்று.

றம்லா பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். சின்ன எண் விழ வேண்டும் என்று வாய்க்குள் ஓதிக்கொண்டே உருட்டினாள். பதினேழு விழுந்தது.

மற்ற இருவரும் கரை சேர்ந்தார்கள். பாலத்தில் பாட்டு நின்றது.

சுஜிந்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே திரும்பவும் துடைத்தான்.

பர்ஹான் தாளின் அடியில் விரலை வைத்தான். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் இவன் வெறும் பாட்டுக்காரன் என்றான். இதை எப்படி யோசித்தீர்கள் அக்கா என்று மேர்சியாவைக் கேட்டான்.

மேர்சியா தாளைப் பார்த்தாள். பிறகு றம்லாவைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை தாள்களை அச்செடுக்கப் போனவள் றம்லா. கடையில் மெசின் சூடாகும்வரை காத்து நின்றபோது, போனிலேயே அந்த விதியைத் தட்டிச் சேர்த்தாள். அதை வாசித்தபிறகு ஒருவரும் கவிக்காரனை எடுக்கக்கூடாது. அதற்காகத்தான் எழுதினாள்.

இப்போது ‘நான்தான்’ என்று சொல்லலாம். சொன்னால் ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள்.

குடிக்கப் பிளேன்டி ஊற்றி வருகிறேன் என்று எழுந்துபோனாள்.

மேர்சியா புறப்படும்போது றம்லா வாசல் கேற்வரை கூடப் போனாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேர்சியா கேட்டாள்.

“அந்த விதிய நான் எழுதல்லகா. நீதானே போட்ட?”

“இல்லகா. நீ எழுதினதுதான். மறந்திட்டாய்.”

மேர்சியா புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு எத்தனையோ முறை அடித்துத் திருத்திய தாள் அது. அவள் முகம் மெல்ல மலர்ந்தது. ஸ்கூட்டியில் ஏறிய பிறகும் அந்தச் சிரிப்பு போகவில்லை. ஒழுங்கை முனையில் திரும்பும்போது கையைத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளே பர்ஹான், பாலத்தில் நடந்ததை உம்மாவிடம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். உம்மா ‘உச்சு’க் கொட்டுவது வெளியே கேட்டது. இதையெல்லாம் யார் எழுதியது என்று உம்மா கேட்டாள்.

மேர்சியா அக்காதான் என்று அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை றம்லா கேற்றடியிலேயே நின்றாள்.