குளியலறையில் ஒரு மைக்

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று அம்பலவாணனுக்குப் பிடிபடவில்லை.

ஹெட்போனில், பாடகரின் குரலுக்கு அடியில், மெல்லிதாக ஒரு கர்-கர். சற்று ஓய்ந்து மறுபடி கர்-கர். ஒரு நிமிடம் இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும்.

காலையிலிருந்து மூன்று முறை. மூன்று பதிவுகள் வீண்.

வெம்பிளியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவன் வேலை. பதிவாகிக்கொண்டிருந்தது, பாரிசிலிருந்து வந்த ஒரு வேடிக்கைப் பாட்டுக் குழுவின் புது இசைத்தட்டு. இன்றைய பாட்டு, குளிக்க மறுக்கும் ஒரு மந்திரியைப் பற்றியது. அதைக் குளியலறையில் நின்றுதான் பாடுவேன் என்று பாடகர் அடம்பிடித்தார். ஓடு பதித்த சுவரில் பட்டுத் திரும்பும் குரலின் அழகே வேறு.

அதனால் மைக் வயரைக் கொரிடோர் நெடுக இழுத்து, சுவரோரம் ஓடிய டெலிபோன் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தான்.

டெலிபோனில் மணி கிடையாது. மணிச் சத்தம் பதிவில் விழுந்துவிடும் என்று எப்போதோ கழற்றிவிட்டார்கள். அழைப்பு வந்தால் ஒரு சிவப்பு பல்ப் எரியும்.

அந்த பல்பைத்தான் அவன் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவி கலாவதி மகளோடு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறிய மறுநாள் அங்கே யுத்தம் மறுபடி தொடங்கியது. கொழும்புக்கு வந்து சேர்ந்ததும் இந்த ஸ்டூடியோவின் டெலிபோன் இலக்கத்துக்கு எடுப்பதாகப் பேச்சு. வேறு இலக்கம் அவளிடம் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் டெலிபோன் எடுக்கிற கடையை மாலை ஆறுக்குப் பூட்டிவிடுவார்கள். லண்டனில் அப்போது ஒன்றரை மணி.

இன்று வெள்ளிக்கிழமை. இனி ஸ்டூடியோவைத் திங்கள்தான் திறப்பார்கள்.

மணி ஒன்று பத்து. பல்ப் எரியவில்லை.

இரைச்சலைப் பிடிக்க வழி ஒன்றுதான். சந்தேகப்படுவதை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். டியூப் லைட்டை அணைத்திருந்தான். ஃப்ரிட்ஜை நிறுத்தியிருந்தான். ஹீட்டரையும்.

அப்படியும் வந்தது.

குழுவின் வேனை ஓட்டிவந்த யாக்கோப்பு கதவில் சாய்ந்து சிரித்தான். "அண்ணை, பாட்டுக்காரர் சொல்லுறார், உங்கட கர்-கர் எங்கட ட்ரம்ஸ்காரனை விட ஒழுங்கா வருதாம். பாட்டில அதையும் விடட்டாம்!"

அம்பலவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை. 'ஒழுங்கா' என்ற சொல்லிலேயே நின்றான்.

பழுது ஒழுங்காக வராது. ஒழுங்காக வருவதென்றால் யாரோ அனுப்புகிறார்கள்.

டேப்பைத் திருப்பி ஓட்டி, கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தான். இரண்டு கர். இரண்டு நொடி ஓய்வு. இரண்டு கர். இரண்டு நொடி ஓய்வு.

இந்த நாட்டில் டெலிபோன் மணி இப்படித்தான் அடிக்கும்.

மணியைக் கழற்றினாலும், அதை அடிக்கவைக்கும் மின்சாரம் வயரில் வந்துகொண்டுதான் இருக்கும். பக்கத்தில் இன்னொரு வயரைக் கட்டினால் அதற்கும் கொஞ்சம் தாவும்.

சிவப்பு பல்பைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். உள்ளே இழை அறுந்திருந்தது.

மணி ஒன்று இருபத்தாறு. கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் கர்-கர்.

ஓடிப்போய் ரிசீவரை எடுத்தான்.

இரைச்சல் நின்றது.