எல்லைக்கல்லில் ஒரு பிரசவம்

“நகரு, அந்தப் பக்கம் போய்ப் பெத்துக்கோ!” என்று ஆல்டர்விக் ஊர் சர்ச் அதிகாரி டோபியாஸ், நிறைமாதக் கர்ப்பிணியான ஹெஸ்டரைத் தள்ளினார். “எங்க ஊர் என்ன சத்திரமா? உன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய்யா” என்று பக்கத்து ஊரான நெதர்மோரின் சர்ச் அதிகாரி ஜெத்ரோ அவளைத் திருப்பித் தள்ளினார். வலியில் துடித்த ஹெஸ்டர் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அந்தக் கால இங்கிலாந்தில் தகப்பன் யாரென்று தெரியாத குழந்தை எந்தச் சர்ச்சின் எல்லைக்குள் பிறக்கிறதோ, அந்த ஊர்தான் அதற்குச் சோறு போட வேண்டும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சு வாங்க நின்றபோது அவள் பாவாடைக்குள்ளிருந்து அழுகுரல் கேட்டது.

“எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?” இருவரும் குனிந்தார்கள். ஹெஸ்டர் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அது எனக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளை விறைக்குது. யாரு மொதல்ல கோட்டைக் கழட்டித் தர்றாங்களோ, அவங்க ஊர்ல பொறக்கலைன்னு பைபிள் மேல சத்தியம் பண்றேன்.”

பொத்தான்கள் தெறித்தன. இரண்டு கோட்டுகளும் ஒரே நேரத்தில் வந்து அவள் மடியில் விழுந்தன. இரண்டையும் குழந்தைக்குச் சுற்றிவிட்டு ஹெஸ்டர் வாயைத் திறந்தாள். எந்த ஊரைச் சொல்லியிருப்பாள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?