இரண்டாம் மணி

ஞாயிறு காலை லுத்தரன் கோயில் மணி முதல் மணி அடித்து ஓய்ந்தது. ஒருவரும் வரவில்லை.

"எங்கே போய்த் தொலைஞ்சாங்க? பார்த்துட்டு வா," என்று கோபுரத்துப் புறாவை விரட்டியது.

புறா ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. "எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க அண்ணே. திருச்சபையோட தேசியப் பேரவையை செல்போன்ல நேரலையா பார்க்கிறாங்க. பேப்பர்லகூட வந்த விவாதமாம். ஆராதனைக்கு ஆள் குறையுறது ஏன்னு."

"பலே! ரொம்ப முக்கியமான விவாதம்," என்ற மணி, இரண்டாம் மணியை உயிர்போக அடித்தது. "இப்பவாவது கிளம்பினாங்களா?"

"ஜன்னலைச் சாத்திட்டாங்க. உங்க சத்தத்துல பேச்சு கேட்கலையாம். போதகர் ஐயாதான் முதல்ல சாத்தினார்."

புறா மறுபடி பறந்துபோய், போதகர் வீட்டு வெண்டிலேட்டரில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தது.

"பேரவையில காரணத்தைக் கண்டுபிடிச்சாச்சு அண்ணே. மணிச் சத்தம் வீடுவரைக்கும் கேட்கிறதே இல்லையாம். பழைய மணியை எல்லாம் இறக்கிடணும்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

மணி ஆடாமல் நின்றது. "நம்ம சபையார் ஒருத்தர்கூடவா அந்த நேரலைக்குக் கீழே பதில் எழுதலை?"

"எழுதாம என்ன? சாத்தின ஜன்னலைத் திறக்காமலே அத்தனை பேரும் எழுதினாங்க," என்றது புறா. "ஆமென்னு."