நடக்கும் கரடி

ஷோகேஸுக்குள் பாலித்தீன் உறைகூடப் பிரிக்காத ஒரு கரடி பொம்மை நின்றது. சாவி கொடுத்தால் நடக்குமாம். குழந்தை மகிழினி நடை பழகட்டும் என்று வாங்கியது. கையில் கொடுத்தால் உடைத்துவிடுவாள் என்று அம்மா பூட்டியே வைத்திருந்தாள்.

தரையில் ஒரு காலி எண்ணெய் டப்பா கிடந்தது. உள்ளே கொஞ்சம் கொண்டைக்கடலை, மேலே இறுக்கமான மூடி. மகிழினி தட்டுவாள். அது கடகடவென்று உருண்டு ஓடும். அவள் தவழ்ந்து துரத்துவாள்.

"ச்சீ, உடம்பெல்லாம் எச்சில்! குப்பைக்குப் போகவேண்டிய உனக்கு விளையாட்டு ஒரு கேடா?" என்றது கரடி, டப்பாவைப் பார்த்து.

டப்பா உருண்டுபோய் ஷோகேஸில் முட்டியது. துரத்தி வந்த மகிழினி அதன் கதவுக் கைப்பிடியைப் பற்றி, முதல்முறையாக எழுந்து நின்றாள்.

அம்மா ஓடிவந்தாள். "ஐயையோ, கண்ணாடியெல்லாம் கைரேகை!" குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தாள். டப்பாவைக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளினாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள். "இந்தக் கரடி வந்த பிறகுதான் இவ நிக்கவே ஆரம்பிச்சா," என்று அம்மா அவர்களிடம் காட்டினாள்.

கரடி உறைக்குள் நெஞ்சை நிமிர்த்தியது. "கேட்டியாடா?"

"கேட்டேன் அண்ணே," என்றது சோபாவுக்கு அடியிலிருந்து டப்பா. "அவ நின்னுட்டா. நீங்க எப்போ நடக்கப்போறீங்க?"